ஒரு டெனர் பாடகரைக் காதால் படிப்பது எப்படி: ஸ்டூவர்ட் பர்ரோஸின் வாழ்வும் குரலும்

மேற்கத்தியச் செவ்விசைப் பாடகர் ஒருவரைப் பற்றி அறிய விரும்புகிறவர் முதலில் தேடுவது அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத்தான். பிறந்த ஊர், வென்ற பரிசு, பாடிய அரங்கு, பெற்ற பட்டம் என எல்லாம் அதில் இருக்கும். அவர் எப்படிப் பாடினார் என்பது மட்டும் இருக்காது. கர்நாடக இசையில் ஒரு வித்வானை அவருடைய பட்டங்களை வைத்து நாம் அறிந்துகொள்வதில்லை. எந்த ராகத்தை எப்படி விரித்தார், எந்த இடத்தில் கார்வை கொடுத்து நின்றார் என்பதை வைத்தே அவரை நினைவில் கொள்கிறோம். அந்தப் பழக்கத்தை அப்படியே ஓபரா என்னும் மேற்கத்திய இசைநாடகத்தின் பாடகருக்கும் கொண்டுபோக முடியும் என்பது என் அனுபவம். அதற்கு ஒரு நல்ல பாடகரும், நல்ல ஒலிப்பதிவுகளும், சில மாலைப்பொழுதுகளும், ஒரு பென்சிலும் போதும்.

இந்த வழிகாட்டிக்கு வேல்ஸ் நாட்டு டெனர் ஸ்டூவர்ட் பர்ரோஸை எடுத்துக்கொள்கிறேன். டெனர் என்பது ஆண் குரல்களில் உயர்ந்த சுருதியில் பாடும் வகை. அவர் 1933 பிப்ரவரி 7 அன்று கில்வனித் என்ற ஊரில் பிறந்து, 2025இல் தம் 92ஆம் வயதில் மறைந்தார். அவரைவிடப் பெரிய புகழ் பெற்ற டெனர்கள் உண்டு. ஆனால் அவருடைய வாழ்வின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பாத்திரத்தோடு இணைத்துப் படிக்க முடிகிறது. முக்கியமான பாத்திரங்கள் பலவற்றுக்கும் தெளிவான ஒலிப்பதிவு இருக்கிறது. புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமைவது அரிது.

முதலில் ஊரைப் பாருங்கள்

வரைபடத்தில் தெற்கு வேல்ஸைத் திறந்து, தலைநகர் கார்டிஃபிலிருந்து டாஃப் ஆற்றின் வழியாக வடக்கே நகர்ந்தால் பான்டிபிரித் என்ற சந்தை நகரம் வரும். அதை ஒட்டி, ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கும் சிற்றூர்தான் கில்வனித். நிலக்கரிச் சுரங்கத்தால் உருவான ஊர் அது. 1894இல் அங்கிருந்த ஆல்பியன் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 290 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட பள்ளத்தாக்கு ஊர்களில் சுரங்கமும் சிற்றாலயமும்தான் வாழ்க்கையின் இரு மையங்கள். அந்த ஆலயங்களில் ஞாயிறுதோறும் ஊரே நான்கு குரல்களாகப் பிரிந்து பாடும். ஆண்கள் பாடகர் குழு இல்லாத சுரங்க ஊரைக் காண்பதே கடினம்.

சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் எப்படி இசைக்குறியீட்டைப் படித்தார்கள் என்ற கேள்வி எழலாம். அதற்கான விடை டானிக் சோல்ஃபா என்ற முறை. ஐந்து கோடுகளில் புள்ளி வைக்கும் குறியீட்டுக்குப் பதிலாக, டோ, ரே, மீ என்ற ஒலிகளின் முதலெழுத்துகளையே எழுதிப் பாடக் கற்பிக்கும் முறை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸின் ஆலயங்களிலும் பள்ளிகளிலும் அது பரவலாக ஊன்றியது. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் ஆதார ஒலி டோதான் என்பதால், நம் ஸட்ஜத்தைப் போலவே அந்த டோவும் இடம் பெயரக்கூடியது. ஸரளி வரிசை பாடிப் பழகியவருக்கு இந்த முறையை விளக்க ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படாது. ஸ, ரி, க என்று எழுதிப் பழகிய காதுதான் நம்முடையதும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இதை இன்னும் சற்று நேரத்தில் பயன்படுத்தப் போகிறோம்.

இன்னொரு செய்தியையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓபரா உலகின் பெரும் பாரிட்டோன்களில் (டெனரைவிடச் சற்றுத் தாழ்ந்த ஆண் குரல்) ஒருவரான ஜெரைன்ட் எவன்ஸ் 1922இல் பிறந்ததும் இதே கில்வனித்தில்தான்; அதுவும் பர்ரோஸ் பிறந்த அதே வில்லியம் தெருவில். இதைத் தற்செயல் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. வேல்ஸின் நாட்டுப் பண் 1856இல் பக்கத்து நகரமான பான்டிபிரித்தில், ஒரு தந்தையும் மகனும் சேர்ந்து ஆக்கியது. பாடுவதை ஒரு தனித் தொழிலாக அல்லாமல் ஊர் வழக்கமாகக் கொண்டிருந்த இடம் அது.

ஊர்ப்பெயர்களை உச்சரிக்கக் கற்றுக்கொள்வதும் இந்தக் கட்டத்திலேயே செய்ய வேண்டிய வேலை. வேல்ஷ் மொழிப் பெயர்களை ஆங்கிலம் படிப்பதுபோல் படித்தால் எல்லாமே தவறாகும். அந்த மொழியில் சி என்ற எழுத்துக்கு எப்போதும் ககர ஒலி. எஃப் என்ற எழுத்து ஒற்றையாக வந்தால் வகரத்தைப் போல ஒலிக்கும். இரட்டை டி வந்தால், நாம் 'அது' என்று சொல்லும்போது இடையில் மெல்ல ஒலிக்கிறதே ஒரு தகரம், ஏறத்தாழ அந்த ஒலி. எழுத்தைப் பார்த்து 'சில்ஃபினிட்' என்று படிக்கத் தோன்றும் பெயர் 'கில்வனித்' ஆவது இதனால்தான். அவ்வாறே அவர் பரிசு வென்ற ஊர் கைர்னார்வன். வென்ற விழா ஐஸ்டெத்வோட்.

பாத்திரங்களால் ஒரு காலவரிசை

ஒரு குறிப்பேட்டில் ஆண்டு, அரங்கு, பாத்திரம் ஆகிய மூன்றையும் எழுதத் தொடங்குங்கள். பாத்திரத்தின் பக்கத்தில், அது சிறியதா பெரியதா, அதற்குத் தனிப்பாடல் உண்டா என்பதையும் குறிக்க வேண்டும். பாடகரின் தொழில் எப்படி வளர்ந்தது என்பதை அந்தக் கடைசிக் குறிப்புதான் சொல்லும்.

பர்ரோஸின் குறிப்பேடு பிந்தித்தான் தொடங்குகிறது. அவர் கார்மார்தன் நகரின் ட்ரினிட்டி கல்லூரியில் படித்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். ரக்பி லீக் ஆட்டத்தில் லீட்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்ய முன்வந்தபோது அவர் அதை ஏற்கவில்லை. 1959இல் கைர்னார்வனில் நடந்த தேசிய ஐஸ்டெத்வோடில் டெனர் தனிப்பாடல் போட்டியில் வென்றார். ஐஸ்டெத்வோட் என்பது கவிதைக்கும் இசைக்குமான வேல்ஸின் பெருவிழா. ஆண்டுதோறும் கோடையில், வடக்கே ஓர் ஆண்டு தெற்கே ஓர் ஆண்டு என ஊர் மாறி நடக்கிறது. அதில் வெல்வது ஊருக்கே பெருமை. ஆனாலும் போட்டி மேடைக்கும் ஓபரா மேடைக்கும் இடையே அவருக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

1963இல், தம் முப்பதாவது வயதில், வேல்ஷ் நேஷனல் ஓபராவில் வெர்டியின் 'நபுக்கோ'வில் இஸ்மாயேலெ என்ற பாத்திரத்தில் அவர் முதன்முதலாக ஓபரா மேடை ஏறினார். அந்த நிறுவனமே 1940களில் சுரங்கத் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் மாலை நேரங்களில் கூடிப் பாடிய கூட்டுக்குரலின் மேல் எழுந்தது. பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர் அங்கிருந்து தொடங்கியது மிக இயல்பானது. இஸ்மாயேலெவுக்கு முழு நீளத் தனிப்பாடல் எதுவும் கிடையாது. கதையை நகர்த்தும் இடங்களில் பிற குரல்களோடு சேர்ந்து பாட வேண்டும். இதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

அடுத்த முக்கியமான வரி 1967. லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் அவர் அறிமுகமானது லியோன்கவாலோவின் 'பாலியாச்சி'யில் பெப்பெ என்ற பாத்திரத்தில். இதுவும் சிறிய வேடம். ஆனால் இதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. நாடகத்துக்குள் நடக்கும் நாடகத்தில், ஆர்லெக்கினோவாக வரும் பெப்பெ, மேடைக்குப் பின்னால் மறைந்து நின்று ஒரு சிறு காதல் பாடலைப் பாடுவார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரல் மட்டும் அரங்கில் உள்ளவர்களின் காதுக்கு வந்து சேரும். ஒரு மென்குரல் டெனருக்கு இதைவிட நியாயமான தேர்வு இருக்க முடியாது.

அதே 1967இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் இளவரசன் டாமினோவாகப் பாடினார். இதற்கிடையில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஓடிபஸ் ரெக்ஸ்' ஆக்கத்தின் தலைமைப் பாத்திரத்தை ஏதென்ஸில் ஏற்றிருந்தார். 1970இல் வியன்னா, 1971இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா. அங்கே அவர் ஏற்றது மோட்சார்ட்டின் 'டான் ஜோவானி'யில் டான் ஒட்டாவியோ என்ற பாத்திரம்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, பக்கத்தை எட்ட வைத்துப் பாருங்கள். தனிப்பாடலே இல்லாத வேடத்தில் தொடங்கி, திரைக்குப் பின்னால் ஒரு பாடல் வழியாக, டாமினோவுக்கும் ஒட்டாவியோவுக்கும் வந்து சேர்கிறார். அதன் பின் மோட்சார்ட், சாய்கோவ்ஸ்கியின் லென்ஸ்கி, பெர்லியோஸ், ஒஃபென்பாக்கின் ஹாஃப்மன், டோனிஸெட்டியின் இளங்காதலர்கள் எனப் பதிவுகள் நீள்கின்றன. வாக்னரின் பெருங்குரல் வேடங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. டெனர் ஒருவர் எதைப் பாடாமல் இருந்தார் என்பதையும் அவருடைய வாழ்க்கை வரலாற்றின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன். குரல் நெடுங்காலம் நிலைத்தவர்களில் பலர் தம் குரலின் அளவை அறிந்து வேடம் தேர்ந்தவர்கள்.

பதிவு அவருடையதுதானா என்று உறுதி செய்யுங்கள்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பர்ரோஸைக் கேட்கத் தொடங்கிய நாட்களில், வாத்தியக் குழு நடத்துநர் ஷோல்டி நடத்திய 'மாயப் புல்லாங்குழல்' என்று தேடி, முதலில் வந்த தொகுப்பை ஒரு வாரம் முழுவதும் கேட்டேன். ஏட்டில் குறிப்புகளும் எழுதினேன். பிறகுதான் அதில் பாடியவர் வேறொரு டெனர் என்பது தெரிந்தது. ஜார்ஜ் ஷோல்டி இந்த ஓபராவை வியன்னா பில்ஹார்மோனிக் குழுவோடு இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். முதலாவது 1969இல் பதிவானது; அதில் டாமினோ பர்ரோஸ். இரண்டாவது 1990இல் பதிவானது. அதில் டாமினோ ஊவெ ஹைல்மன். நடத்துநரும் ஒருவர், வாத்தியக் குழுவும் ஒன்று. அட்டைப்படத்தை மட்டும் பார்த்தால் குழப்பம் வருவது இயல்பே.

எனவே பாட்டு கேட்கும் செயலிகளில் தரும் ஆண்டை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டாக இருக்கும். பாடகர் பட்டியலை முழுவதும் திறந்து, டெனரின் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்களைச் சரிபாருங்கள். 1969 பதிவென்றால் பமீனாவாக பிலார் லோரெங்கார், பாப்பகேனோவாக ஹெர்மன் பிரை, ஸராஸ்ட்ரோவாக மார்ட்டி டால்வெலா இருப்பார்கள். இந்த மூவரும் இருந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

டாமினோவோடு முதல் வாரம்

முதல் அங்கத்தின் தொடக்கத்திலேயே, ஒரு பெண்ணின் ஓவியத்தைக் கையில் வாங்கிப் பார்த்து டாமினோ பாடும் பாடல் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'டீஸ் பில்ட்னிஸ்' என்று தொடங்கும் அந்தப் பாடல் நான்கு நிமிடம்தான். ஒரு வாரம் அதை மட்டும் கேட்கும்படி பரிந்துரைக்கிறேன். முதல் நாள் பொருள் எதுவும் பார்க்காமல் கேளுங்கள். இரண்டாம் நாள் பாடல் வரிகளின் மொழிபெயர்ப்போடு கேளுங்கள். மூன்றாம் நாள் ஜெர்மன் வரிகளை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள்.

குரல் தொடங்கும் முதல் தாவலைக் கவனியுங்கள். மேற்கத்திய மேஜர் அளவுகோல் நமக்குச் சங்கராபரணத்தின் ஸ்வரங்களே. அந்தக் கணக்கில் இந்தப் பாடலின் முதல் அடி மந்திர பஞ்சமத்திலிருந்து எழும்பி, மத்திய ஸ்தாயி அந்தர காந்தாரத்துக்குத் தாவி, அங்கிருந்து படிப்படியாக இறங்குகிறது. பஞ்சமத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தை நம் பாடகர் ஒருவர் ஜாருவோடு வழுக்கிக் கடந்திருக்கலாம். இங்கே குரல் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தூய்மையாகக் கால் வைக்க வேண்டும். ஆனால் இடையில் மூச்சு அறுபடக்கூடாது. பர்ரோஸ் அந்தக் காந்தாரத்தின் மேல் அழுத்தத்தைக் கொட்டுவதில்லை. அது அவர் வாயில் மலர்ந்து, பிறகு சற்றே நிறைந்து, இறக்கத்துக்குள் கலந்துவிடுகிறது. ஓவியத்தைப் பார்த்தவனின் வியப்பு அந்த ஓர் ஒலிக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது பென்சிலால் அவர் மூச்சு எடுக்கும் இடங்களில் எல்லாம் ஒரு சிறு கோடு இடுங்கள். முதல் முறை சில இடங்கள் தப்பும்; மூன்று முறை கேட்டால் எல்லாம் பிடிபடும். கோடுகள் சொற்றொடரின் நடுவில் விழுகின்றனவா, பொருள் முடியும் இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். நல்ல பாடகரின் மூச்சு வாக்கியத்தின் இலக்கணத்தோடு ஒத்துப்போகும். நம் பாடகர்களிடம் சாகித்தியத்தைப் பிரித்துக் கெடுக்கக்கூடாது என்று எதிர்பார்க்கிறோமே, அதே எதிர்பார்ப்புதான் இங்கும்.

பாடலின் பிற்பகுதியில் ஓர் இடம் வருகிறது. அவளைக் கண்டால் நான் என்ன செய்வேன் என்று டாமினோ தன்னையே கேட்டுக்கொள்கிறான். அந்தக் கேள்விக்குப் பின் மோட்சார்ட் ஒரு முழுத் தாள அளவுக்கு மௌனத்தை எழுதியிருக்கிறார். குரலும் இல்லை, வாத்தியமும் இல்லை. அந்த மௌனத்துக்கு முன் பாடகர் கடைசி ஒலியை எப்படி விடுகிறார், மௌனத்துக்குப் பின் எந்த வண்ணத்தில் தொடங்குகிறார் என்பதைக் கேளுங்கள். எனக்கு இந்தப் பதிவு முழுவதிலும் மிக அருமையான இடம் அதுதான்.

இதே பதிவு இன்னொரு பாடத்தையும் இலவசமாகத் தருகிறது. டெனர் என்பது ஒரே வகைக் குரல் என்று எண்ணுகிறவர்கள் இதில் மூன்று வகையைக் கேட்கலாம். டாமினோவாகப் பர்ரோஸ் பாடுவது மென்மையும் நீண்ட இழையும் கொண்ட லிரிக் டெனர். மோனோஸ்டாட்டோஸாகப் பாடும் கெர்ஹார்ட் ஷ்டோல்ஸெ, அழகைவிடக் கூர்மையான உச்சரிப்பால் வேடத்தைக் கட்டும் குணச்சித்திர டெனர். இரண்டாம் அங்கத்தின் இறுதியை நோக்கி, கவசமணிந்த இரு காவலர்கள் ஒரு பழைய தேவாலயப் பண்ணின் மெட்டில் பாடுவார்கள். அவர்களில் டெனராகப் பாடும் ரெனெ கொல்லோ பின்னாளில் வாக்னரின் வீர வேடங்களுக்குப் பெயர் பெற்றவர். காவலர்கள் பாடி முடித்ததும் டாமினோவே பதில் பாடுகிறான். எஃகுத் தகட்டைத் தட்டிய ஓசைக்குப் பின் மரக்குழலின் ஓசை வருவதுபோல் அந்த இரு குரல்களின் வேறுபாடு உங்கள் காதில் விழும். அதை ஒருமுறை கேட்டுவிட்டால், அகராதியில் வரையறை தேட வேண்டியதில்லை.

ஒட்டாவியோவும் அகாரமும்

'டான் ஜோவானி'யின் டான் ஒட்டாவியோ கதையில் பெரிதாக எதையும் செய்வதில்லை. தன் காதலி அன்னாவின் தந்தையைக் கொன்றவனைத் தண்டிப்பதாக வாக்களிக்கிறான். நாடகம் முடியும்வரை அந்த வாக்கு அவன் கையால் நிறைவேறுவதில்லை. இந்தப் பாத்திரத்துக்கு மதிப்பைத் தருவது அவனுடைய இரண்டு பாடல்களே. 1787இல் பிராகில் முதன்முதலாக அரங்கேறியபோது அவனுக்கு இருந்தது 'இல் மியோ தெஸோரோ' என்ற பாடல். அடுத்த ஆண்டு வியன்னாவில் வேறொரு டெனருக்காக மோட்சார்ட் அதை நீக்கிவிட்டு, 'தல்லா ஸுவா பாச்சே' என்ற அமைதியான பாடலைப் புதிதாக எழுதினார். இன்று பெரும்பாலான அரங்குகளில் டெனர்கள் இரண்டையுமே பாடுகிறார்கள். இரண்டும் இரண்டு வகைத் தேர்வுகள் என்பதால், ஒரு பாடகரை அளக்க இந்த இணையைப்போல் வேறொன்று இல்லை.

'தல்லா ஸுவா பாச்சே'யில் கேட்க வேண்டியது மெதுவான இழை. முதல் பகுதி திரும்ப வரும்போது பர்ரோஸ் குரலைச் சன்னமாக்கிப் பாடுவதைக் கவனியுங்கள். ஒலி குறைகிறதே தவிர அதன் உள்ளுரம் குறைவதில்லை. குரலை உரக்கச் செலுத்துவது எளிது. மெல்லிய குரலைப் பெரிய அரங்கின் கடைசி வரிசைவரை ஒலிபெருக்கி இல்லாமல் கொண்டுசேர்ப்பதுதான் இந்தத் தொழிலின் அரிய பகுதி.

'இல் மியோ தெஸோரோ'வில் 'தொர்னார்' என்ற சொல்லுக்காகக் காத்திருங்கள். 'திரும்பி வருதல்' என்று பொருள்படும் அந்தச் சொல்லின் ஆகாரத்தின்மேல், இடைவிடாத நீண்ட ஸ்வர ஓட்டம் ஒன்றை மோட்சார்ட் எழுதியிருக்கிறார். நம் இசையில் இதை அகாரத்தில் பிருகா என்போம். வேறுபாடு என்னவென்றால், இங்கே கமகம் கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் நூலில் கோத்த மணிபோல் தனித்தனியாகவும் நேராகவும் நிற்க வேண்டும், ஆனால் நூல் அறுபடக்கூடாது. பதிவை நிறுத்தி, நீங்களே ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து அந்த ஆகாரத்தை ஒரே ஒலியில் நீட்டிப் பாருங்கள். உங்கள் மூச்சு எங்கே முடிகிறது என்பதை ஒருமுறை உடம்பால் உணர்ந்தபின், பதிவைக் கேட்கும் முறையே மாறிவிடும்.

பர்ரோஸ் ஒட்டாவியோவை இரண்டு முறை முழுமையாகப் பதிவு செய்திருக்கிறார் என்பது நம் நல்வாய்ப்பு. 1973இல் காலின் டேவிஸ் நடத்தியது ஒன்று. 1970களின் இறுதியில் ஷோல்டி நடத்தியது மற்றொன்று. இரண்டாவதில் அவருக்கு இணையாக அன்னாவைப் பாடுபவர் மார்கரெட் பிரைஸ். அவரும் தெற்கு வேல்ஸைச் சேர்ந்தவர். ஒரே பாடலை இரண்டு பதிவிலும் அடுத்தடுத்துக் கேட்டு, வேகம் மாறும்போது மூச்சுக்கோடுகள் இடம் மாறுகின்றனவா என்று பென்சிலால் ஒப்பிடுங்கள்.

மோட்சார்ட்டில் இன்னும் தொடர விரும்பினால், டேவிஸ் நடத்திய 'லா கிளெமென்ட்ஸா டி டிட்டோ' பதிவில் மன்னிக்கத் தெரிந்த பேரரசன் டிட்டோவாக அவரைக் கேட்கலாம். ஜேனட் பேக்கர், லூச்சியா போப் ஆகியோர் உடன் பாடும் வலுவான பதிவு அது.

வேறு மொழி, வேறு வண்ணம்

மோட்சார்ட்டில் காது பழகிய பிறகு, சாய்கோவ்ஸ்கியின் 'யெவ்கெனி ஓனெகின்' ஓபராவுக்குச் செல்லுங்கள். 1974இல் கோவென்ட் கார்டன் குழுவோடு ஷோல்டி செய்த பதிவில் கவிஞன் லென்ஸ்கியாகப் பர்ரோஸ் பாடுகிறார். நண்பனோடு துப்பாக்கிச் சண்டைக்காகப் பனிபடர்ந்த விடியலில் காத்திருக்கும் லென்ஸ்கி, தன் இளமை எங்கே போயிற்று என்று பாடுகிறான். பாடல் 'குதா, குதா' என்று தொடங்கும். 'எங்கே, எங்கே' என்று பொருள். இதற்கு முன் கேட்ட இரண்டு வேடங்களில் ஆசையும் வாக்குறுதியும் இருந்தன. இதில் இருப்பது விடைபெறுதல். குரல் அதே குரல்தான். ஆனால் ருஷ்ய உயிரொலிகள் அதன் நிறத்தை இருளச் செய்கின்றன. அந்த முதல் 'குதா'வுக்கும் இரண்டாவது 'குதா'வுக்கும் இடையே என்ன மாறுகிறது என்பதை மட்டும் ஒரு மாலை முழுவதும் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன்.

பிரெஞ்சு மொழியில் அவரைக் கேட்க, ஸெய்ஜி ஒஸாவா பாஸ்டன் சிம்ஃபனியோடு பதிவு செய்த பெர்லியோஸின் 'ஃபௌஸ்டின் சாபம்' நல்ல தொடக்கம். பெவர்லி சில்ஸுடன் பாடிய ஓபராக்களில் அவருடைய இத்தாலியப் பக்கமும் தெரியும்.

ஓபராவைத் தாண்டி, பிபிசி தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு பாட்டு நிகழ்ச்சி பல ஆண்டுகள் ஒளிபரப்பானது. வீட்டு வரவேற்பறையில் பியானோவோடு பாடப்படும் பழைய ஆங்கிலப் பாடல்களையும் வேல்ஷ் மொழிப் பாடல்களையும் அவர் நிறையப் பதிவு செய்திருக்கிறார். பியானோவில் பல முறை ஜான் கான்ஸ்டபிள் துணையிருந்தார். செவ்விசை ரசிகர் சிலர் இவற்றை எளிய பாடல்கள் என்று ஒதுக்குவதை நான் பார்த்திருக்கிறேன், அது தவறு. வாத்தியக் குழு இல்லாத இடத்தில்தான் சொல்லை அவர் எவ்வளவு மதித்தார் என்பது முழுவதும் தெரிகிறது. தாய்நாட்டுப் பாடலைப் பாடும்போது அவருடைய மெய்யொலிகள் கூர்மையடைவதையும் அங்கே கேட்கலாம். 2007இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓ.பி.இ. பட்டம் வழங்கியது என்பதையும் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி மாலைக்கு ஒன்று

இவை எல்லாவற்றையும் கேட்ட பிறகு, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். பெர்லியோஸ் இறந்தோருக்காக எழுதிய பெருந்திருப்பலி இசை 1837 டிசம்பரில் பாரிஸின் இன்வாலித் தேவாலயத்தில் முதன்முதலாக ஒலித்தது. பெருங்கூட்டுக் குரலும், நான்கு மூலைகளில் நிறுத்தப்பட்ட பித்தளை வாத்தியக் குழுக்களும், வரிசையாக முழங்கும் பெரு முரசுகளும் கொண்ட ஆக்கம் அது. 1975இல் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் அதே தேவாலயத்தில் அதை நடத்திப் பதிவு செய்தபோது, டெனராகப் பாடியவர் பர்ரோஸ்.

பத்துப் பகுதிகள் கொண்ட அந்த ஆக்கத்தில் தனிக்குரல் வருவது ஒரே ஒரு பகுதியில்தான். ஒன்பதாவதான 'ஸாங்க்துஸ்' பகுதியில். அந்த டெனர் அதுவரை எட்டுப் பகுதிகளும் வாய் திறவாமல் காத்திருக்க வேண்டும். நேராக அந்தப் பகுதிக்குத் தாவிச் செல்லாதீர்கள். அவரைப்போலவே நீங்களும் காத்திருங்கள். தீர்ப்பு நாளின் பித்தளை முழக்கம் கல் மண்டபத்தில் மோதி அடங்குவதையும், கூட்டுக்குரல் தாழ்ந்து மறைவதையும் கேட்டுக் கடந்து வாருங்கள். பிறகு வயலின்களின் மெல்லிய நடுக்கத்துக்கு மேல் ஒற்றைக் குரல் எழும். பெண்கள் குரல் அதற்கு அடியடியாக விடை சொல்லும். நடுவில் கூட்டுக்குரல் வந்துபோன பின் அந்தக் குரல் மறுபடியும் அதே அடியைத் தொடங்கும். இந்த முறை அதன் கீழே பெரு முரசும் கைத்தாளங்களும் மிக மிக மெல்ல, ஏறத்தாழத் தொடாமலே ஒலிக்கும். ஒலியளவைக் கூட்டாமல், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பகுதியைக் கேளுங்கள்.